மைக்காரனுக்குக் கொடுத்த சீட்டு

ஏரிக்கொல்லை,
19-11-2023

மதிப்புக்குரிய வாஹித் மேஸ்திரிக்கு, பஞ்சாட்சரம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் இரண்டு ஆடுகளும் சுகம். பெங்களூரில் உங்கள் சுகத்தையும் மகள் ஜஹீருன்னிசா வீட்டார் சுகத்தையும் அறிய வேண்டும்.

திடுக்கிடாதீர்கள். இதை எழுதுவது நானேதான். சுண்ணாம்புத் தொட்டியில் நகம் போன இதே விரல்தான். பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு வைத்திருக்கிறார்கள். எழிலரசி டீச்சர் சொல்லித் தருகிறார். "தாத்தா, உங்களுக்கு நெருக்கமானவங்க ஒருத்தருக்குக் கடிதம் எழுதிட்டு வாங்க" என்றார். எனக்கு உங்களை விட்டால் யார்? தோல் டேனரியில் முப்பது வருஷம் எனக்குக் கண்ணாக இருந்தீர்கள். சம்பளச் சீட்டு, ரேஷன் அட்டை, என் வீட்டுக்காரிக்கு ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த மருந்து, எல்லாம் நீங்கள் படித்துச் சொன்னதுதான். போனில் பேசலாம் என்றால் தோல் சுற்றும் டிரம் சத்தத்தில் போன உங்கள் காதுக்கு எதுவும் கேட்பதில்லை. ஆகவே கடிதம். ஆறு நாள் ஆனது.

நான் முதலில் படித்தது என்ன தெரியுமா? பஸ் பலகை. மெயின் ரோட்டில் நின்று போகிற வருகிற பஸ்ஸை எல்லாம் படித்தேன். கண்டக்டர் "பெரியவரே, ஏறுறீங்களா இல்லையா?" என்று கத்தினான். "இல்லப்பா, படிக்கிறேன்" என்றேன்.

உங்கள் பேரன் ஷோயப் சுகம். ஷூ கம்பெனிக்குப் போகிறான். ஞாயிறு சாயங்காலம் ஏரிக்கரைத் திடலில் கபடி பழகுகிறான். பொங்கலுக்குப் பிறகு போட்டி. இப்போது மைக்கில் பேசுவது செந்தில்குமார், பழைய மைக்காரன் கன்னியப்பனின் மகன். அவனைப் பார்த்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவன் அப்பனை நான் அடித்தேன் அல்லவா? என் தம்பி ஏகாம்பரத்துக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த வாழ்த்தை மாற்றிப் படித்ததற்கு.

கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடும்,
பஞ்சாட்சரம்


பெங்களூரு,
2-12-2023

என் தோஸ்த் பஞ்சுவுக்கு வாஹித் பாஷாவின் சலாம். சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி, மற்றபடி சுகம். நீயும் உன் ஆடுகளும் நீடூழி வாழ வேண்டும்.

உன் கடிதத்தை மகளிடம் காட்டினேன். நம்பவில்லை. டீக்கடையில் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு "இன்னா மேஸ்திரி, கப்பல் கவுந்துடுச்சா?" என்று கேட்ட பஞ்சுவா இப்படி எழுதுகிறான்! எழுத்து கோணல்தான். போகப் போகச் சரியாகும்.

இங்கே நாலாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர் ஜன்னல். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எனக்குக் கால் துறுதுறுக்கிறது. ஆட்டத்தை மட்டும் எழுதாதே, மைக் சீட்டுகளையும் எழுது. யார் எழுதிக் கொடுத்தாலும் பெயர் சொல்லாமல் மைக்கில் படிக்கிற வழக்கம் நம் திடலில்தான் உண்டு. அதில் என்னை மிஞ்ச ஆள் இருந்ததா?

கன்னியப்பன் பாவம். அவன் எங்கே மாற்றிப் படித்தான்? நான் எழுதியதை எழுத்து மாறாமல் படித்தான். "ஏகாம்பரம், ஆடினது போதும், எருமைக்குத் தண்ணி காட்டணும், அண்ணன் கூப்பிடுறேன் வா." மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களிடம் அவனுக்கு டேனரி வேலை என்று சொல்லித் திடலில் உட்கார வைத்திருந்தீர்களே, அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நீ. அவன் படிக்க மைக்கை எடுத்ததும் ஒன்றும் தெரியாமல் கையைத் தட்டிக்கொண்டு நின்றாய். பிறகு நீ கன்னியப்பனை அடித்தபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். முப்பத்தெட்டு வருஷம் ஆகிவிட்டது, இனிச் சொன்னால் என்ன? இன்னும் நினைத்தால் சிரிப்பு வருகிறது.

ஷோயபைப் பார்த்துக்கொள். மகன் இறந்துபோனபோது அவனுக்கு ஆறு வயது. தாதா, தாதா என்று என் கைச் சோற்றில் வளர்ந்தவன். ரமலான் பிறைக்கு முன்னால் வந்து என்னை ஊருக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறான். "அவன் வந்து கைப்பிடிச்சுக் கூட்டினு போனாத்தான் விடுவேன், தனியா விட மாட்டேன்" என்கிறாள் ஜஹீரா. நான் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

குதா ஹாஃபிஸ்.
வாஹித் பாஷா


ஏரிக்கொல்லை,
24-1-2024

வாஹித் மேஸ்திரிக்கு வணக்கம். நான் சுகம். சர்க்கரைக்கு மாத்திரை தவறாமல் சாப்பிடுங்கள்.

பதில் எழுத நாளாகிவிட்டது. உங்கள் கடிதத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கவே எனக்கு ரொம்ப நாள் ஆனது. சில வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த எருமைச் சீட்டு எனக்கும் நன்றாக நினைவிருக்கிறது. நல்ல சிரிப்பு.

போட்டி தொடங்கிவிட்டது. இந்த ஞாயிறு கூட்டம் ஏரிக்கரை முழுக்க. நம் ஊர்ப் பக்கம் ஒரு பையன் பாடிப் போகிறான். போவான், கோட்டைத் தாண்டுவான், இப்படிப் பார்ப்பான், அப்படிப் பார்ப்பான், யாரையும் தொடாமல் திரும்பி வருவான். எனக்கு உள்ளே ஏதோ கிளம்பியது. பாக்கெட்டில் வகுப்புப் பென்சில் இருந்தது. எழுதினேன்.

"கரண்டு மீட்டர் பார்க்க வந்த தம்பி, கணக்கு எழுதியாச்சுன்னா கிளம்பலாம்."

செந்தில்குமார் படித்தான். மேஸ்திரி, என் எழுத்து ஹார்ன் வழியாக ஏரிக்கு அந்தப் பக்கம் வரை போனது! கரை முழுக்கச் சிரிப்பு. பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்த ஆள் "எவன்டா எழுதினது, செம ஆளு" என்று என் தோளிலேயே அடித்துக் கேட்டான். நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து ஆட்டிடம் சொன்னேன்.

ஷோயப் சுகம். ஞாயிறுதோறும் திடலுக்கு வருகிறான்.

அன்புள்ள,
பஞ்சாட்சரம்


பெங்களூரு,
1-2-2024

தோஸ்த்துக்குச் சலாம். உன் கடிதம் படித்து மூன்று நாளாக இருமலும் சிரிப்பும். மற்றபடி தேவலை. உனக்கு முழங்கால் வலி குறைந்ததா?

மீட்டர்! இத்தனை வருஷம் இந்த வாயை எங்கே வைத்திருந்தாய்? எனக்குச் சிஷ்யன் கிடைத்துவிட்டான். ஒன்று கேட்டுக்கொள். சீட்டு ஒரு மூச்சுக்கு மேல் போகக் கூடாது. பாடிப் போகிறவன் மூச்சைப் பிடித்திருக்கும்போது காதில் விழ வேண்டும். அப்போதுதான் அவனால் பதில் பேச முடியாது.

யார் அந்தப் பையன்? நம் தெருவா?

ஷோயப் ஆட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே. ஞாயிறு ஆனால் ஜஹீராவின் போனுக்குத் திடலில் நின்று எடுத்த போட்டோ அனுப்புவான். இரண்டு வாரமாக வரவில்லை. வேலை ஜாஸ்தியோ?

வாஹித் பாஷா


ஏரிக்கொல்லை,
7-2-2024

வாஹித் மேஸ்திரிக்கு வணக்கம். என் முழங்கால் தேவலை. இருமலுக்குச் சுக்குத் தண்ணீர் குடியுங்கள்.

இந்தக் கடிதம் மூன்றே நாளில் எழுதினேன். கை ஓடுகிறது.

அந்தப் பையன் கீழ்த்தெரு. உங்களுக்குத் தெரியாது. அப்பா இல்லாத பையன். இப்போது ஊரில் அவன் பெயரே மீட்டர்தான். அவன் எழுந்தால் போதும், கரையில் உட்கார்ந்தவர்கள் "மீட்டர்! மீட்டர்!" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். டீக்கடையில் "மீட்டருக்கு ஒரு டீ போடு, யூனிட்டு பார்த்து ஊத்து" என்கிறார்கள். கம்பெனியில் அவன் பையின் மேல் சாக்பீஸால் மீட்டர் படம் போட்டுவிட்டார்களாம். ஒரு முட்டி வீங்கியிருக்கிறது, துணி சுற்றிக்கொண்டு வருகிறான். ஆனாலும் வருகிறான். வாரத்துக்கு ஒரு சீட்டு என்று இதுவரை மூன்று எழுதிவிட்டேன்.

ஆனால் மேஸ்திரி, அவன் அசையவில்லை. தலையைக் குனிந்துகொண்டு திரும்பவும் பாடிப் போகிறான். அரையிறுதிக்கு முன்னால் அவனை உட்கார வைக்கிற மாதிரி ஒரு வரி வேண்டும். எனக்கு அவ்வளவு வராது. உங்களால்தான் முடியும். உங்கள் கையால் முத்து முத்தாக எழுதி அனுப்புங்கள்.

ஷோயப் சுகம்.

பஞ்சாட்சரம்


பெங்களூரு,
14-2-2024

தோஸ்த் பஞ்சுவுக்குச் சலாம். சுக்குத் தண்ணீர் குடித்தேன், இருமல் கம்மி.

தனித்தாளில் மூன்று வரி எழுதி வைத்திருக்கிறேன். ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோது ஒவ்வொன்றாக வந்தது. எத்தனை நாளாயிற்று இப்படிச் சந்தோஷமாக இருந்து!

முதலாவது: "தம்பி, கோட்டைத் தாண்டி வந்தது தெரியாம பண்ண தப்பு, மன்னிச்சுட்டோம், வீட்டுக்குப் போ."

இரண்டாவது: "மீட்டர் ஓடலை, ஆபீசுக்குச் சொல்லி ஆளை மாத்துங்க."

மூன்றாவது: "உன் ஆட்டத்தைப் பார்க்காமலே செத்துப்போன உன் அப்பன் புண்ணியவான்."

மூன்றாவது கொஞ்சம் காரம். அப்பா இல்லாத பிள்ளை என்றதும் பேனா ஒரு நிமிஷம் நின்றது. ஆனால் திடலில் இரக்கம் பார்த்தால் சீட்டு எதற்கு? உன் இஷ்டம்.

ஷோயபிடம் சொல். மார்ச் ஒன்பது, சனிக்கிழமை. அதற்கு மேல் ஒரு நாள் தாமதித்தாலும் பிறை வந்துவிடும். முதல் நோன்பு என் வீட்டில் திறக்க வேண்டும். போட்டோ அனுப்பாததற்கு நான் கோபிக்கவில்லை என்றும் சொல். அவனை நான் ஒரு நாளும் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. உலகத்தையே கிண்டல் செய்கிற இந்த வாய் அவனிடம் மட்டும் திறக்காது.

வாஹித் பாஷா


ஏரிக்கொல்லை,
20-2-2024

வாஹித் மேஸ்திரிக்கு வணக்கம். இருமல் குறைந்தது கேட்டு மகிழ்ச்சி.

தாள் வந்து சேர்ந்தது. என்ன அழகான எழுத்து! ஒவ்வொரு எழுத்தும் செதுக்கி வைத்த மாதிரி. அதைப் பார்த்தே நான் இரண்டு நாள் கையெழுத்துப் பழகினேன். எனக்கு வரவில்லை.

மூன்றாவதுதான். வரும் ஞாயிறு அரையிறுதி.

வகுப்பில் பரீட்சை வைத்தார்கள். தேறிவிட்டேன். டீச்சர் எல்லோரையும் கைதட்டச் சொன்னார்.

பஞ்சாட்சரம்


பெங்களூரு,
2-3-2024

தோஸ்த்துக்குச் சலாம். நான் சுகம். நீ சுகமா?

ஞாயிறு போய் ஆறு நாள் ஆகிவிட்டது. என்ன நடந்தது என்று எழுதாமல் இருந்தால் எப்படி? சிரித்தார்களா? மீட்டர் உட்கார்ந்தானா? நாளை இறுதி ஆட்டம் வேறு.

ஷோயப் போன் போகவில்லை. ஜஹீரா நாலு நாளாக முயற்சி செய்கிறாள். சார்ஜ் இல்லையோ என்னவோ. நீ நேரில் பார்த்துச் சொல். என் பையை மடித்து வைத்துவிட்டேன். இரண்டு லுங்கி, தொப்பி, மருந்து. அவ்வளவுதான். கதவு மணி அடித்தால் எனக்குக் கேட்காது என்று கதவுக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வாஹித் பாஷா


பெங்களூரு,
21-3-2024

பஞ்சு,

சலாம். நீ சுகமாக இருக்க வேண்டும்.

ஒன்பதாம் தேதி யாரும் வரவில்லை. பிறை தெரிந்து பத்து நாள் ஆகிறது. நோன்பை நாற்காலியிலேயே திறக்கிறேன். ஜஹீரா கம்பெனிக்குப் போன் செய்தாள். பிப்ரவரி கடைசியிலேயே நின்றுவிட்டானாம். வீடு பூட்டிக்கிடக்கிறதாம்.

நேற்று ஒரு கவர் வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை, முத்திரையும் படிக்க முடியவில்லை. என் விலாசம் ஷோயப் எழுத்து. உள்ளே கடிதம் இல்லை. கத்தரித்த ஒரு துண்டுத் தாள். மூன்றாவது வரி. என் எழுத்து.

அது எப்படி அவன் கைக்குப் போனது? நீ கீழ்த்தெருப் பையன் என்றுதானே எழுதினாய்? அவன் என்ன நினைத்துக்கொண்டிருப்பான்? நான் அவனுக்கா எழுதினேன்? பஞ்சு, நீ அவனைக் கண்டுபிடித்து அது எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்ல வேண்டும். நீதான் சாட்சி. உன்னை விட்டால் எனக்கு யார்? எங்கே போனான் என்று மட்டும் எழுது. ஒரே ஒரு வரி போதும்.

வாஹித்


ஏரிக்கொல்லை,
8-4-2024

தோஸ்த் வாஹித் பாஷாவுக்குப் பஞ்சாட்சரம் எழுதுவது. நான் சுகம், ஆடு குட்டி போட்டிருக்கிறது. பெருநாள் வருகிறது, உனக்கும் வீட்டாருக்கும் என் வாழ்த்து.

இது நீளக் கடிதம். ஒரே நாளில் எழுதுகிறேன். எழிலரசி டீச்சர் பார்த்தால் சந்தோஷப்படுவார்.

கீழ்த்தெருப் பையன் என்று யாரும் இல்லை. மீட்டர் உன் ஷோயப்தான். நல்ல ஆட்டக்காரன். முட்டி வீங்காமல் இருந்தால் அவனைப் பிடிக்க ஆள் கிடையாது. முதல் சீட்டிலிருந்து எல்லாம் அவனுக்கு எழுதியதுதான்.

அரையிறுதியில் இரண்டு பாயிண்ட் பின்னால் இருந்தோம். அவன் பாடிப் போனான். நன்றாகவே போனான். எதிராளி மூலையில் ஒதுங்கிவிட்டான், தொட வேண்டியதுதான் பாக்கி. அப்போது செந்தில்குமார் படித்தான். நீ சொன்ன மாதிரியே, மூச்சைப் பிடித்திருக்கும்போது. கபடி, கபடி என்று வந்துகொண்டிருந்த பாட்டு நின்றது. ஒருவரும் அவனைத் தொடவில்லை. நடுவில் நின்றான். கரை முழுக்கச் சிரிப்பு. மீட்டர் நின்னுடுச்சு, மீட்டர் நின்னுடுச்சு என்று கத்தினார்கள்.

அவன் நேராக மைக் மேசைக்கு வந்தான். "எவன் எழுதினது, குடு இப்படி" என்று சீட்டைப் பிடுங்கினான். அடிக்கத்தான் வந்தான். கையை ஓங்கியபடியே படித்தான். கை அப்படியே இறங்கியது. 'அ' எழுதப் பழகியதே உன் எழுத்தைப் பார்த்துத்தானே, அவனுக்குத் தெரியாதா? "இது எங்க தாதா எழுத்தாச்சே" என்றான். செந்தில்குமாருக்கு ஒன்றும் புரியவில்லை. என் பக்கம் கையைக் காட்டினான். ஷோயப் என்னிடம் வந்தான்.

"பஞ்சு தாத்தா, எங்க தாதாவா எழுதினாரு?"

"ஆமாம்பா, அவருதான் எழுதி அனுப்பினாரு" என்றேன். அதில் ஒரு பொய்யும் இல்லை.

என் எழுத்தில் மாற்றி எழுதிக் கொடுத்திருக்கலாம். என் எழுத்து கோணல் என்று நீதானே எழுதினாய்? அதனால் உன் தாளிலிருந்து அந்த வரியை அப்படியே கத்தரித்துக் கொடுத்தேன். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் உன் எழுத்தை உன்னிடம் வாங்கி இதே கையால் மைக்காரனிடம் கொடுத்தேன். இப்போதும் அதைத்தான் செய்தேன். இந்த முறை படித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன்.

உன்மேல் எனக்கு ஒன்றும் இருந்ததில்லை, வாஹித். கன்னியப்பன் மாற்றிப் படித்தான் என்று நீ சொன்னாய், நம்பினேன். உனக்கு நல்ல கடிதம் எழுதத்தான் எழுத்துப் படித்தேன். என் பெயருக்கு வந்து நானே படித்த முதல் கடிதம் உன் பதில்தான். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். "இன்னும் நினைத்தால் சிரிப்பு வருகிறது." அந்த ஒரு வரிக்கு ஒரு பகல் ஆனது.

ஏகாம்பரம் அன்றைக்கு ஆட்டத்தை விட்டு ரோட்டுக்கு ஓடினான். நான் பின்னாலேயே ஓடினேன். பஸ் ஏறிவிட்டான். வீட்டுக்கு வந்ததும் அம்மா "எந்த ஊர் பஸ்சுடா?" என்று கேட்டாள். பஸ் பலகையைப் பார்த்திருந்தேன், ஆனால் எனக்குப் படிக்கத் தெரியாது. அதற்குப் பிறகு அம்மா ஒன்பது வருஷம் இருந்தாள். "நீதானே கொண்டுபோய்க் குடுத்தே" என்று சாகும்வரை என் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கவில்லை. தம்பி திரும்பி வரவில்லை.

ஷோயபும் ரோட்டுக்குத்தான் போனான். முட்டியைத் தாங்கித் தாங்கி நடந்தான். எனக்கும் முழங்கால் வலி, ஆனாலும் பின்னால் போனேன். பத்து நிமிஷத்தில் பஸ் வந்தது, ஏறினான். இந்த முறை நான் பலகையைப் படித்தேன். பெரிய எழுத்து, மஞ்சள் பெயிண்ட், ஒரு தப்பும் இல்லாமல் படித்தேன்.

எங்கே போனான் என்று ஒரு வரி கேட்டிருந்தாய். எனக்குத் தெரியும். எழுதவும் தெரியும்.

சர்க்கரைக்கு மாத்திரை தவறாமல் சாப்பிடு.

பஞ்சாட்சரம்